கரிசல் மேல் ஒரு வீடு

இராமநாதபுரம் ஜில்லா என்றால் கடலையும் பாம்பன் பாலத்தையுமே நினைத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்கு, கடற்கரையை விட்டு மேற்கே வெகுதூரம் விலகி, கமுதிக்கும் பார்த்திபனூருக்கும் இடையே அமைந்திருக்கும் அபிராமத்தைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க நியாயமில்லை. வெயிலுக்குப் பெயர்போன இந்தப் பிரதேசத்தில், பங்குனி பிறந்துவிட்டால், காங்கிரீட் வீட்டின் மாடித்தளம் பகலெல்லாம் வாங்கிய உஷ்ணத்தை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரரோ கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டை விட்டுத் தெருவில் படுப்பது என்ன சாஸ்திரம் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஓட்டு வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாகளே, தம்பி" என்றார். அந்தப் பதிலுக்கு மறுமொழி எந்தக் கட்டடக் கலை நூலிலும் கிடையாது. கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. வெயில் மின்சாரமாகிறது, மின்சாரம் விசிறியைச் சுழற்றுகிறது, விசிறி, தளம் இறக்கிய வெக்கையையே திரும்பத் திரும்ப நம் மேல் வீசுகிறது.

1917இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்டு, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலுக்கே ஆதாரமாகக் கொண்டவர். அந்த உபதேசத்தை அபிராமத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடம் உடனே தொடங்கிவிடுகிறது. பனை உண்டு; வைரம் பாய்ந்த பனங்கை தலைமுறைகளைத் தாங்கும். ஆனால், பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசாங்கம் அறிவித்ததை ஆக்ஷேபிக்க எனக்கு மனமில்லை. சீமைக் கருவேலம் வேண்டிய மட்டும் உண்டு. அது செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் போகும். எஞ்சியிருப்பது கரிசல் மண். நனைந்தால் பொருமி, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும் இந்த மண், அஸ்திவாரத்தையே அசைத்துச் சுவரில் கீறல் விழச் செய்துவிடும். ஆழத் தோண்டி மணலிட்டு நிரப்பாமல் இதன்மேல் கட்டிய வீட்டுக்காரருக்கு, ஒவ்வொரு கோடையிலும் சுவரைப் பூசுகிற வேலை நிச்சயம். செம்மண் பூமியில் பிறந்த மண்வீட்டுத் தத்துவத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது விவேகமாகாது.

ஆனால் சுவருக்குச் சத்துருவான அதே மண் ஜலத்துக்குப் பரம சிநேகிதன் என்பதை இந்தச் சீமையின் முன்னோர்கள் கண்டுகொண்டார்கள். ஒருமுறை ஊறி இறுகிவிட்டால் கரிசல் நீரை எளிதில் கீழே விடாது. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறுகிற ஜில்லாவில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைப் பூமிக்கு மேலேயே நிறுத்தி வைப்பதற்கு இதைவிடச் சிறந்த பாத்திரம் வேறில்லை. கூரைநீரைத் தரைக்குள் இறக்கச் சொல்லி 2003இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய விதி சென்னைக்கு உசிதமாயிருக்கலாம். உவர்நிலத்தில் அது நல்ல நீரை உப்போடு கலந்துவிடும் காரியமாகவும் முடியும். அதனால்தான் இங்கே ஊருணி என்னும் குடிநீர்க் குளம். மாட்டை இறக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. மழைக்கு முன் வரத்துக்காலைச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நீர் ஓடிவரும் மேட்டில் ஒருவரும் அசுத்தம் செய்யக் கூடாது. இந்த நியமங்கள் ஒரு வீட்டுக்குள் அடங்குபவை அல்ல; தெரு எங்கே தொடங்கலாம், மந்தை எங்கே நிற்கலாம், எந்த நிலத்தில் வீடே எழக் கூடாது என்பதையெல்லாம் அவைதாம் தீர்மானித்தன. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கி எழுதிவிட நான் தயாரில்லை. ஊருணிக் கரையில் எவர் இறங்கலாம், எவர் இறங்கலாகாது என்பதை ஜாதி வகுத்த கொடுமையும், குடம் சுமந்த இடுப்பெல்லாம் பெண்களின் இடுப்பாகவே இருந்ததும் அந்த நியமங்களோடு கூடவே வந்தவை.

இப்போது ஊருக்கு வெளியே வரிசையாகக் கல் நட்டு, கொடி கட்டி, மனைகள் விற்கிறார்கள். வாங்குகிறவர் வாஸ்து பார்க்கிறார், சாலையின் அகலம் பார்க்கிறார். இந்த மனையின் மேல் பெய்கிற மழை எந்த வழியாகப் போய் எந்தக் கண்மாயில் சேர்ந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வரத்துக்காலின் குறுக்கே எழுந்த வீடு, மழைக் காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கும். கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்துக்கிடக்கும். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பங்கு பெரும்பாலும் விற்காத மூலையாகவே அமைந்துவிடுகிறது. வரைபடம் போடும்போதே நிலத்தின் மிகத் தாழ்ந்த பகுதியை அதற்கென்று ஒதுக்கி, மனைகளின் கூரைநீரும் தெருநீரும் வந்து சேரும் சிறு குளமாக அதை வெட்டி, நிரம்பி வழிந்தால் பக்கத்துக் கண்மாய்க்குப் போகும்படி கலுங்கு ஒன்றும் வைத்துவிட்டால், கூடுதலாக நிலம் கேட்க வேண்டியதில்லை. வெட்டி எடுத்த மண்ணைக்கொண்டு தெருவைத் தூக்கிவிடலாமே என்று சொன்ன கான்டிராக்டரிடம் மட்டும், அது கரிசல், அடுத்த கோடையில் தெருவே பிளக்கும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.