பன்னிரண்டு படங்களும் ஒரு பனிமலையும்

"இமயமலைக்கா போகிறாய்? எனக்கு ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வாடி. கூடத்தில் மாட்டிக்கொள்கிறேன்" என்றாள் அம்மா. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டவள் அவள்.

ஆபீஸ் காமிரா ரிப்பேருக்குப் போயிருந்தது. கைபேசி இருக்கிறதே என்ற தைரியத்தில் கிளம்பினேன். காத்கோதாம் ஸ்டேஷனில் இறங்கும்போது அது கை நழுவிப் படியில் விழுந்து, நிரந்தரமாகக் கண்ணை மூடிவிட்டது! மிஞ்சியது, அம்மா என் பெட்டியில் வற்புறுத்தித் திணித்த அப்பாவின் பழைய பெட்டிக் காமிராதான். ஒரே லென்ஸ். 'வெயில்', 'மேகம்' என்று இரண்டே நிலைகள். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள். மொத்தம் பன்னிரண்டு படங்கள்!

நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. உத்தராகண்டின் குமாவுன் மலைகளிலோ மழை ஓய்ந்து, வானம் துடைத்துவைத்த கண்ணாடிபோல் இருக்கும் மாதம் அது. அல்மோராவைத் தாண்டி, சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கும் கௌசானி சேர்ந்தேன். விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால், எதிரே 7,120 மீட்டர் உயரத் திரிசூல சிகரம். அதற்குக் கிழக்கே 7,816 மீட்டர் நந்தாதேவி! பரபரவென்று மூன்று படங்கள் எடுத்துவிட்டேன். பிறகுதான் காமிராவின் குட்டிக் கண்ணாடியை நிதானமாகப் பார்த்தேன். கண்ணுக்கு வானளாவி நின்ற திரிசூலம், அதில் ஓர் உப்புக் கல் அளவே இருந்தது!

டீக்கடைப் பெரியவர் சிரித்தார். "இங்கிருந்து எல்லாரும் எடுப்பது இதே படம்தான், பேட்டி! நாளைக் காலை கீழே வயல் பக்கம் போ. நேரத்தோடு போ. வெயில் ஏறினால் மேகம் வந்து மூடிவிடும்."

மறுநாள் இறங்கினேன். படிப்படியான வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. குளிர்காலத்தில் மாடுகளுக்கு வேண்டுமே என்று வைக்கோலை மரங்களைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். மற்ற மரங்கள் வசந்தத்தில் பூத்தால், 'பதம்' என்கிற மலைச் செர்ரி இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. அங்கங்கே அதன் முதல் மொட்டுகள் அவிழ்ந்திருந்தன.

அப்போது ஒரு பெண், தலையில் ஆளுயரப் புல்கட்டுடன் ஏறி வந்தாள். "படம் எனக்கா, மலைக்கா தீதி?" என்று கேட்டுச் சிரித்தபடி நின்றாள்.

"இரண்டு பேருக்கும்!" என்றேன்.

அல்மோராவில் வாங்கிய மிட்டாய்ப் பெட்டியைச் சுற்றியிருந்த மஞ்சள் கண்ணாடித்தாளை லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். அப்படிச் செய்தால் நீலவானம் படத்தில் கறுத்து விழும். வெள்ளைப் பனி எடுப்பாகத் தெரியும். பழைய காமிரா மெதுவாகக் கண் சிமிட்டும். கை நடுங்கினால் எல்லாம் போச்சு. கல்சுவரின்மேல் அதை அழுத்தி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

மாலையில் அனாசக்தி ஆசிரமத்துக்குப் போனேன். 1929-ல் காந்திஜி தங்கி, 'அனாசக்தி யோகம்' என்ற தம் கீதை நூலுக்கு முன்னுரை எழுதிய இடம் அது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது அதன் சாரம். சுருளைக் கழுவும்வரை என்ன விழுந்தது என்றே தெரியாத காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைபவளுக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் ஏது!

சூரியன் இறங்க, சிகரங்கள் செப்புக் குடங்களாகச் சிவந்தன. கடைசிப் படம் ஒன்று பாக்கி. ஆனால் என் சுருளுக்குச் சிவப்பு தெரியாதே! காமிராவை மூடி வைத்துவிட்டு, இருட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பிச் சுருளைக் கழுவினால், முதல் மூன்றும் வெறும் வெளுப்பு. நான்கு ஆட்டம் கண்டிருந்தன. புல்கட்டுப் படம் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. ஒரு பிரதியை டீக்கடை விலாசத்துக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டா மலை ஏறுகிறாள்? பாவம், முழங்கால் வலிக்காதோ?" என்றாள்.

திரிசூலத்தை அப்புறம்தான் பார்த்தாள்.