வடலூரில் எரியும் அடுப்பு

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் இருக்கிறது வடலூர். சிறிது தூரத்தில் நெய்வேலி. அங்கே பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். வடலூரில் விறகால் எரியும் நெருப்போ அதைவிட வெகு மூத்தது. 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகள் மூட்டி வைத்த அடுப்பு அது. அன்று முதல் அணையாமல் காத்து வருகிறார்கள்.

சத்திய தருமசாலைக்குள் நாம் நுழைந்தபோது பந்தி நடந்து கொண்டிருந்தது. நம்மை எந்த ஊர், என்ன குலம் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. "உட்காருங்கள்" என்றார்கள், உட்கார்ந்தோம். ஒரு பக்கத்தில் கந்தல் உடுத்த கிழவர். மறு பக்கத்தில் கல்லூரி மாணவர் இருவர். சோறும் குழம்பும் எளியவைதாம். ஆயினும் கிழவரின் இலையில் சோறு குறைந்ததைப் பரிமாறுகிறவர் கேளாமலே கண்டுகொண்டார். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தும் நமக்கு அந்தக் கண் வாய்க்கவில்லையே என்று சற்றுப் பொறாமையாகவே இருந்தது!

அக்காலத்தில் சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலவற்றில் சாதி பார்த்தே இலை போட்டார்கள். அடிகளோ, பசிக்குச் சாதியில்லை என்று கண்டவர். பசித்தவனுக்குச் சோறிடுவதே கடவுள் வழிபாட்டின் முதற்படி என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் விரிவாக எழுதினார். பார்வதிபுரம் கிராமத்தார் ஏறக்குறைய எண்பது காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். அதில் அவர் முதலில் எழுப்பியது கோயிலன்று, சமையற்கட்டு! ஞானசபை எழுந்து வழிபாடு தொடங்கியது 1872-ல். இடையே ஐந்து வருஷம் உலை கொதித்திருக்கிறது. ஞானசபையினுள் செல்லக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. பந்தியில் உட்காருவதற்குப் பசி ஒன்றே போதும்.

தலைமை வகித்த முறையும் விசித்திரமானது. தம் பாடல்களை அன்பர்கள் அச்சிட முனைந்தபோது, 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். 1870-ல் சாலையை அன்பர்களிடம் விட்டு, அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டார். 1874-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி அங்கே சித்தி வளாகத்தில் ஓர் அறையினுள் சென்று கதவை மூடிக் கொண்டார். அருட்ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. தமக்குப் பின் பீடாதிபதி என்று ஒருவரையும் அமர்த்தவில்லை. இரண்டே வருஷத்தில், 1876-ல், சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது!

பெயரும் பீடமும் இன்றி ஒரு ஸ்தாபனம் நிலைக்குமா? நிர்வாகம் இப்போது அறநிலையத் துறையினுடையது. ஆனால் அரிசி மூட்டையும் காய்கறியும் விறகும் கொண்டு வந்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத குடியானவர்கள். கல்யாணம், பிறந்த நாள், திவசம் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு வேளைச் சோறு போடுவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது.

சபைக்கு முன்னே விரிந்து கிடக்கும் வெட்டவெளியைப் பெருவெளி என்கிறார்கள். அதில் சர்வதேச மையம் கட்ட அரசாங்கம் 2024-ல் அஸ்திவாரம் போட்டது. பார்வதிபுரத்தார் எதிர்த்தார்கள், விவகாரம் ஹைகோர்ட்டு வரை சென்றது. மையமே கூடாது என்பதல்ல, அதை வேறிடத்தில் கட்டுங்கள் என்பதே பலருடைய வாதம். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான ஜனங்கள் நிற்கும் இடம் அது. முன்னோர் தானமாகத் தந்த மண்ணைப் பற்றிப் பேரன்மார் கேள்வி கேட்பது நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது. கட்டடம் என்றால் நம்மவர்களுக்கு உள்ள மோகம் தெரிந்ததுதானே!

வடலூர் செல்ல விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்தில்தான். அன்று கூட்டம் சொல்லி முடியாது. சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாளிலே போங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கையோடு ஒரு படி அரிசியும் இருக்கட்டும்.