பழைய காருக்கு ஒரு டிஃபரன்ஷியல்

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் பதிவு இல்ல. என் பழைய காரைப் பத்தி ஒரு நீளமான இழை. கார்ல ஆர்வம் இல்லாதவங்க நடுவுல டயர் பத்தி வர்ற இடத்தை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

டிஃபரன்ஷியல்னா டாக்டர்களுக்கு வேற அர்த்தம். காய்ச்சலோட ஒருத்தர் வந்தா டெங்குவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா, ஸ்க்ரப் டைஃபஸான்னு மனசுக்குள்ள ஒரு பட்டியல் ஓடும். அதுக்குப் பேரு டிஃபரன்ஷியல். நான் சொல்லப்போறது கார்ல, ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற பல்சக்கரக் கூட்டம்.

வண்டி 2002 ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க தெருவுல ஒரு டாக்டர் இதை வச்சிருந்தார். நான் எம்பிபிஎஸ் சேர்ந்ததுக்கு அந்தக் காரும் ஒரு காரணம்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நாலு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். அவர் ஆட்டோகிராஸ் ஓட்டினவர். அதுக்காக கியர்பாக்ஸுக்குள்ள ‘லிமிடெட் ஸ்லிப்’ டிஃபரன்ஷியல் ஒண்ணு மாட்டியிருந்தார். கம்பெனியில வரும்போது இதுல சாதா டிஃபரன்ஷியல்தான்.

அது எதுக்கு? கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். ரெண்டு சக்கரத்துக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளின்னு வைங்க. கார் ஒரு முழு வட்டம் அடிச்சா வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலா ஓடியிருக்கும். வட்டம் சின்னதோ பெருசோ, கணக்கு மாறாது. இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்குறதுதான் டிஃபரன்ஷியலோட வேலை. பெக்கூர்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1827-லயே நீராவி வண்டிக்காக இதுக்கு காப்புரிமை வாங்கிட்டார்.

சாதா டிஃபரன்ஷியல்ல ஒரு குறை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புவிசைதான் போகும். ஒரு சக்கரம் சேத்துல வழுக்குதுன்னா, அந்த வழுக்குற சக்கரம் தாங்குற அளவுதான் நல்ல சக்கரத்துக்கும் கிடைக்கும். கார் நின்ன இடத்துலயே ஒத்தைச் சக்கரம் மட்டும் சுத்துறதைப் பார்த்திருப்பீங்க. லிமிடெட் ஸ்லிப் அதைக் கட்டுப்படுத்தி, பிடிப்பு இருக்குற பக்கம் கொஞ்சம் அதிகமா தள்ளிவிடும்.

என் கார்ல இருந்தது பிளேட் வகை. உள்ள கிளட்ச் மாதிரி தகடுகள், ஒண்ணோட ஒண்ணு உரசிப் பிடிக்கும். ஆறேழு மாசமா பார்க்கிங்ல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா ‘கடகட’ன்னு சத்தம். பழைய வண்டின்னா அப்படித்தான்னு விட்டுட்டேன். நெஞ்சு வலியை கேஸ்னு சொல்லி சோடா குடிச்சுட்டு, மூணாவது நாள் வர்றவங்களை நான் எப்படித் திட்டுவேன்னு என் ஓபிக்கு வந்தவங்களுக்குத் தெரியும்.

போன அக்டோபர்ல குடும்பத்தோட சேலத்துல இருந்து ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு, நல்ல மழை. ஒரு வளைவுல ஆக்சிலேட்டரை மிதிச்சேன். ஸ்டீயரிங் ஒரு வெட்டு வெட்டி வலது பக்கம் இழுத்துச்சு. எதிர்ல பஸ் இறங்கி வருது. காலை எடுத்ததும் வண்டி அடங்கிடுச்சு, பஸ் டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே போயிட்டார். பின்சீட்ல பொண்ணு தூங்கிட்டிருந்தா. மனைவி ஒண்ணும் பேசல, மேல போய்ச் சேர்ற வரைக்கும் பேசல. இதே ரோட்டுல அடிபட்டு வந்தவங்களுக்கு நான் கேஷுவாலிட்டியில தையல் போட்டிருக்கேன்.

அடுத்த வாரமே கோயம்புத்தூர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். கையில லிஸ்ட்: எந்த மாடல், என்ன விலை, எங்க இருந்து வரவழைக்கலாம். முழுசா கேட்டுட்டுச் சொன்னார்: “மருந்துச் சீட்டை நீங்களே எழுதிட்டு வந்துட்டீங்க. வியாதி என்னங்க டாக்டர்?”

கூகுள் பார்த்துட்டு வர்ற பேஷன்ட்கிட்ட நான் கேக்குற அதே கேள்வி. வாயை மூடிக்கிட்டேன்.

ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி, நியூட்ரல்ல போட்டு, டார்க் ரெஞ்ச் வச்சு அந்தப் பக்க ஹப்பைத் திருப்பினார். தகடுகள் நல்லா இருந்தா ஒரே சீரான எதிர்ப்பு கையில தெரியணும். எங்களுக்கு ஒரு இடத்துல லூசா ஓடுச்சு, இன்னொரு இடத்துல பிடிச்சுச்சு. அப்புறம் ஆயில் வடிச்சார். வடிகால் போல்ட்ல ஒரு காந்தம் இருக்கும். அதுல கறுப்பா, முடி முளைச்ச மாதிரி இரும்புத்தூள். முன்சக்கர இழுவை கார்ல கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில். அதனால இந்தத் தூள் கியர்பாக்ஸ் பேரிங்குக்கெல்லாம் போய்க்கிட்டிருந்திருக்கு. “இனி தள்ளிப்போடாதீங்க”ன்னார்.

அடுத்தது டயர். “இது எப்போ செஞ்சதுன்னு பாத்தீங்களா?” நல்லா தடம் இருக்கேண்ணேன்னேன். டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3517-ன்னா 2017-ஆம் வருஷம் 35-ஆவது வாரம். என்னோடது அதைவிடப் பழசு. ரப்பர் வயசாக ஆக இறுகும், ஈர ரோட்டுல பிடிப்பு குறையும், தடம் பார்த்தா தெரியாது. எந்த டிஃபரன்ஷியலும் இல்லாத பிடிப்பை உண்டாக்காது, இருக்குற பிடிப்பைப் பங்கு போடத்தான் செய்யும். பிரேக்குக்கு அது உதவவே உதவாது. உங்க கார் டயர்ல அந்த நாலு இலக்கத்தை இன்னைக்கே பாருங்க, ப்ளீஸ்.

நாலு டயரும் மாத்தினதுக்கு அப்புறம்தான் டிஃபரன்ஷியல் பேச்சு. திரும்ப சாதா டிஃபரன்ஷியலுக்கே போறது ரொம்பச் செலவு கம்மி. அண்ணன் அதைத்தான் முதல்ல சொன்னார், நியாயமும் அதுதான். நான்தான் கேக்கல. பிளேட் வகையிலயே புதுத் தகடு போடலாம். அது ரேஸுக்கு அருமை, ஆனா தேய்மானம் உண்டு. தகடு சத்தம் போடாம இருக்க ஆயில்ல ஒரு சேர்மானம் வேணும். அதே ஆயில்லதான் கியரோட சிங்க்ரோவும் ஓடுது. சிங்க்ரோவுக்கு உரசல் வேணும், சேர்மானம் அதைக் குறைச்சுடும். ஒரு வியாதிக்குக் கொடுத்த மாத்திரை கிட்னியைத் தொந்தரவு பண்ற கதை. சிலிக்கான் திரவம் நிரப்பின விஸ்கஸ் வகையை நான் பரிசீலிக்கவே இல்ல. பழசாச்சுன்னா அதைப் பிரிச்சு சரிபண்றது கஷ்டம்.

கடைசியா ஹெலிகல். சாய்வுப் பல் வச்ச சின்னச் சக்கரங்கள், விசை கூடும்போது தாங்களே கூட்டோட சுவர்ல அழுந்தி பிடிப்பு கொடுக்கும். உரசுற தகடு இல்ல, தனி ஆயில் வேண்டாம். ஒரே பலவீனம், ஒரு சக்கரம் முழுசா அந்தரத்துல தூக்கினா உதவாது. பிடிப்பைப் பெருக்கித்தான் அடுத்த பக்கம் தரும், பூஜ்ஜியத்தைப் பெருக்கினா பூஜ்ஜியம்தானே. ஆனா முன்சக்கர இழுவை கார் வேகமா திரும்பும்போது பொதுவா தூக்குறது உள்பக்கப் பின்சக்கரம். முன்சக்கரம் தரையிலதான் இருக்கும். எனக்கு ஒத்துவரும்.

மூணுல ஒரு பங்கு விலைக்கு ஒரு நகல் கிடைச்சது. ரெண்டு நாள் சபலம். உள்ள இருக்குற வாஷர், போல்ட் தரம் கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும். வேண்டாம்னு அசலையே வரவழைச்சேன். கஸ்டம்ஸ் சேர்த்து என் ஒரு மாசச் சம்பளத்துல பெரும்பகுதி போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி பேரிங் அளவு, ஆக்சில் பல் எண்ணிக்கை ரெண்டும் சரிபார்த்துக்கோங்க. ஹோண்டாவுலயே கியர்பாக்ஸுக்குக் கியர்பாக்ஸ் மாறும்.

மாட்டுற அன்னைக்கு லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே நின்னேன். ஹோண்டாவுல பெரிய பல்சக்கரத்தைப் பிடிக்குற போல்ட்டுகள் நேர்மாறான மரை, வலப்பக்கம் திருகினாத்தான் கழலும். தெரியாதவங்க பலம் போட்டு உடைச்சுடுவாங்க. கியர்பாக்ஸ் இறங்கினதோட பேரிங், கிளட்ச் எல்லாம் மாத்தியாச்சு. வயித்தைத் திறந்த சர்ஜன் ‘அப்படியே அப்பென்டிக்ஸையும் எடுத்துடவா’ன்னு கேக்குற மாதிரிதான்.

ஜனவரியில மறுபடி ஏற்காடு. முழுசா மிதிச்சா ஸ்டீயரிங் இன்னும் லேசா இழுக்குது, அது இந்த வகைக் காரோட சுபாவம். வெட்டு இல்ல. ரோடு காய்ஞ்சிருந்தது, அதனால மழைக்கான பதில் இன்னும் வரல. “சத்தம் போயிடுச்சு”ன்னு மட்டும் மனைவி சொன்னாங்க. அதே வளைவு வந்தப்போ கதவுக்கு மேல இருக்குற கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. இப்பவும் பிடிக்குறாங்க.

1000 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தினோம். காந்தத்துல மெல்லிசா சாம்பல் நிறப் பசை, முடி இல்ல. அடுத்த தடவை படம் எடுத்துப் போடுறேன்.