வீடு கட்டும்போதே ஒரு குழாய் போட்டு வையுங்கள்



உங்களில் பலர் இப்போது சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தண்ணீர்க் குழாய், கரண்ட் வயர் எல்லாம் யோசித்துப் போடுகிறீர்கள். வைஃபையை மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று தளம். கீழ்த்தளம் மாமனார் காலத்தது, சுவர் நல்ல கனம். மேலே இரண்டும் பிறகு எழுப்பிய கான்கிரீட். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ரவுட்டர் முதல் மாடியில் அவள் அறையில் இருந்தது. கீழே பின்னறையில் என் மாமியார். வயது 88. சிங்கப்பூரில் இருக்கும் பேரன் ஞாயிறுதோறும் வீடியோ காலில் வருவான். பாதி முகம் வரும், அப்படியே நின்றுவிடும். "அப்பத்தா, கேக்குதா?" என்பதுகூட விட்டு விட்டுத்தான் வரும். அத்தைக்குக் காது மந்தம். முகம் பார்த்தால்தான் பேச்சு புரியும். கட்டிலை ஹாலுக்கு மாற்றலாம் என்றோம். "அவர் கண்ணை மூடின ரூம் இது. நான் எங்கேயும் வரலை" என்று சொல்லிவிட்டார்.

வைஃபையும் ஒருவகை ரேடியோ அலைதான். 1895ல் கல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவரைத் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்துக் காட்டினார். அலை சுவரைத் தாண்டும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சுவரும் அதன் பலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் நிறையவே எடுக்கும். இரும்பு பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம்.

முதலில் காசில்லாத வைத்தியம். ரவுட்டரை மருமகள் அறையிலிருந்து எடுத்துப் படிக்கட்டுப் பக்கம் உயரத்தில் மாட்டினோம். படிக்கட்டுத் திறப்பில் கான்கிரீட் தடை இல்லையே! ஹால்வரை நன்றாக வந்தது. பின்னறைக்கு மட்டும் வரவில்லை.

ஒரு கடையில், "இதை அந்த ரூம்லயே சொருகுங்க, போதும்" என்று ரிப்பீட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அறையில் சிக்னல் கோடு நிறையக் காட்டியது, படம் மட்டும் நகரவில்லை. காரணம் எளிது. ரிப்பீட்டர் தன் காதில் விழுந்ததைத்தான் திரும்பச் சொல்லும். அதற்கே அரைகுறையாகக் கேட்டால், நமக்கும் அரைகுறைதான். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் வகையென்றால் வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கடைசியில் எலக்ட்ரீசியனாக இருக்கும் என் பழைய மாணவன் வந்து பார்த்தான். "டீச்சர், அலைய இறக்க வேணாம், வயர இறக்குவோம்" என்றான். ரவுட்டரிலிருந்து கேட் 6 லேன் வயர் ஒன்றைப் படிக்கட்டு ஓரமாக இறக்கி, அத்தை அறை வாசலில் ஓர் ஆக்ஸஸ் பாயிண்ட் மாட்டினான். லேன் வயரில் 100 மீட்டர் வரை குறையில்லாமல் போகும். எந்தச் சுவரும் அதைத் தடுக்காது. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தான். 2.4ல் ஒன்றுக்கு 1ஆம் சேனல், மற்றதற்கு 11. ஒன்றின் பேச்சில் மற்றது குறுக்கிடாமல் இருக்க அது.

அந்த ஞாயிறு பேரனின் மகள் பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். அத்தையும் தன் பொக்கை வாயைத் திறந்து காட்டினார். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

பிள்ளைகளா, சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு தளத்துக்கும் லேன் வயருக்கென்று தனிக் குழாய் போட்டுவிடுங்கள். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே அதை நுழைக்காதீர்கள். பூசிய பிறகு உடைத்தால் செலவும் தூசியும்தான் மிச்சம். வரைபடத்தில் கார் நிற்கும் இடம், பூஜையறை எல்லாம் குறிக்கிறீர்கள் அல்லவா? அப்பா அம்மா படுக்கும் அறைக்கும் அந்தக் குழாய்க்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்