ஓரத்தில் இருந்த தமிழ்



விக்கிப்பீடியாவைக் கணினியில் திறந்தால் இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் வெள்ளையாக இடம் விட்டு, நடுவில் மட்டும் எழுத்து ஓடுகிறது. இடது ஓரத்தில் இருந்தவை இடம் மாறிவிட்டன. "நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று நம் வயதுக்காரர்கள் சிலர் என்னிடம் குறைப்பட்டார்கள். கெட்டதா, நல்லதா என்று நிதானமாகப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்னும் மென்பொருளின் மேல். அதன் தொடக்க வடிவத்தை எழுதியவர் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானியர். அப்போது அவர் கொலோன் நகரில் மாணவர். அது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதன் மேல் கட்டுரை எழுதுபவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நம் தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் முன்னோடி இலங்கைத் தமிழரான மயூரநாதன். தொழிலால் கட்டடக் கலைஞரான அவர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிச் சேர்த்தார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது.

அரசு அலுவலகத்தில் கோப்போடு வாழ்ந்தவர்களுக்கு விக்கிப்பீடியா சட்டென்று பிடிபடும். கோப்பில் ஒரு பக்கம் கடிதங்கள், இன்னொரு பக்கம் நோட் ஷீட். யார் என்ன எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்பதெல்லாம் நோட் ஷீட்டில் கையெழுத்தோடு இருக்கும். விக்கியிலும் கட்டுரை ஒரு பக்கம், அதைப் பற்றிய உரையாடல் ஒரு பக்கம். 'வரலாறு' என்பதைத் தட்டினால் ஒரு கமாவை மாற்றியது யார், எத்தனை மணிக்கு என்பது வரை வந்துவிடும். உள்ளே நுழைவதற்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள், 'புகுபதிகை'. எந்த அலுவலகப் பதிவேட்டிலும் ஒட்டிக்கொள்ளும் சொல்.

இனி தோற்றத்துக்கு வருகிறேன். உடம்பு அதே, சட்டைதான் மாறுகிறது. 2004-இல் வந்த சட்டைக்கு 'மோனோபுக்' என்று பெயர். 2010-இல் 'வெக்டர்' வந்தது. இப்போது நாம் பார்ப்பது 'வெக்டர் 2022'. இதை ஒரே நாளில் மாட்டிவிடவில்லை. 2020-இல் சில விக்கிகளில் முதலில் பார்த்தார்கள். அந்தச் சிலவற்றில் பிரெஞ்சும் ஒன்று. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கம் எனக்குப் போக்குவரத்து அதிகம். அதனால் ஒவ்வொரு மாற்றமும் வர வரக் கண்ணில் பட்டது. முதலில் வரியின் அகலம் குறைந்தது. பிறகு தேடும் பெட்டி மாறியது. பிறகு மொழிப் பட்டியல் இடம் பெயர்ந்தது. கடைசியில் பொருளடக்கம் இடது ஓரத்தில் போய் நின்றது. ஆங்கிலத்துக்கு 2023 ஜனவரி 18-ஆம் தேதி வந்தது. தமிழுக்கும் வந்துவிட்டது.

வெள்ளை இடத்தைப் பற்றி என் கருத்து இது. ஃபுல்ஸ்கேப் தாளில் தட்டச்சு செய்தவர்கள் யாரும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அடிக்கமாட்டார்கள். மார்ஜின் விடாவிட்டால் மேலதிகாரி தாளைத் திருப்பி வைத்துவிடுவார். வரி மிக நீண்டால் அதன் கடைசிக்குப் போன கண், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப்பிடிக்கத் திணறும். அகலமான திரையில் பழைய பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஒரே வரியை இரண்டு தரம் படிக்க நேர்ந்தது உண்டு. இப்போது அது இல்லை. பொருளடக்கம் ஓரத்தில் கூடவே வருவதும் நீண்ட கட்டுரைக்கு வசதிதான். இந்த மட்டில் மாற்றியவர்கள் செய்தது சரி.

என் மனம் ஒப்பாத இடம் மொழிப் பட்டியல்.

முன்பெல்லாம் இடது ஓரத்தில், அந்தக் கட்டுரை எந்தெந்த மொழியில் உண்டோ அத்தனை மொழிகளின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே வரிசையாக நிற்கும். பிற்பாடு வரிசை நீளுகிறது என்று சுருக்கினார்கள். அப்போதும் சில மொழிகளாவது வெளியே தெரிந்தன. புதிய சட்டையில் அதை மேலே, தலைப்பின் வலப்பக்கத்தில், 'இத்தனை மொழிகள்' என்று ஒரு பட்டனுக்குள் வைத்துவிட்டார்கள்.

வில்லியனூரில் எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். நம் பக்கத்து வழக்கில் அவர் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் தேடினாலும் பிரெஞ்சில்தான் தேடுவார். படித்து முடித்ததும் ஓரத்தில் 'தமிழ்' என்று இருந்தால் அதைத் தட்டி, மருமகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியாது. சர்க்கரை நோய், மழைநீர், மாட்டுக்கு வரும் காய்ச்சல் என்று மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு மொழியில் ஒரே விஷயத்தைப் படிப்பார்கள். ஒரு நாள் அவர் என்னைப் போனில் அழைத்தார்.

"தம்பி, தமிழ எடுத்துட்டானுங்கப்பா. இங்கதான் ஓரத்துல இருந்திச்சி."

"எடுக்கல அண்ணே. மேல ஒரு பட்டனுக்குள்ள வச்சிருக்காங்க."

"உள்ள வச்சா, இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் விஷயம் முழுதும் அடங்கிவிட்டது. அந்தப் பட்டியலுக்கு இரண்டு வேலை இருந்தது. தமிழ் வேண்டும் என்று தேடி வருபவருக்கு வழி காட்டுவது ஒன்று. தமிழிலும் உண்டு என்பதே தெரியாதவருக்குத் தெரிவிப்பது இன்னொன்று. புதிய பட்டன் முதல் வேலையை முன்பைவிட நன்றாகச் செய்கிறது. உள்ளே தேடும் பெட்டியே இருக்கிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் மொழியை மேலே தூக்கியும் வைக்கிறது. இரண்டாவது வேலை போய்விட்டது.

புதுச்சேரி நகரத்துத் தெருமுனைகளில் நீலப் பலகை பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சும் தமிழும் ஒரே பலகையில் இருக்கும். தமிழ் மட்டும் படிப்பவர், அங்கே பிரெஞ்சு என்று ஒன்று உண்டு என்பதைத் தினமும் பார்த்தபடி போகிறார். பிரெஞ்சு மட்டும் தெரிந்து வரும் வெளியூர்க்காரர் தமிழைப் பார்த்தபடி போகிறார். பலகையைச் சிறிதாக்கி, மற்ற மொழி வேண்டுபவர் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தால் தெரு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டு மொழியும் ஒரே தெருவில் வாழ்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போகும்.

இதற்கு வழி உண்டா என்றால், உண்டு. விக்கியில் பொது விஷயம் பேச ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'பிஸ்த்ரோ' என்று பெயர் வைத்தார்கள், காபி குடித்தபடி பேசும் கடை. நம்மவர்கள் வைத்த பெயர் 'ஆலமரத்தடி'. பேச்சால் பலன் இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. ஆங்கில விக்கியில் 2022-இல் இந்தப் புதிய தோற்றத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இரு பக்கமும் எழுதினார்கள். கடைசியில், கணக்கு இல்லாத சாதாரண வாசகரும் வரியை அகலமாக்கிக்கொள்ள ஒரு பட்டன் வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சம்மதம் கிடைத்தது. அந்தப் பட்டனும் வந்தது. கணக்கு உள்ளவர்கள் 'விருப்பத்தேர்வுகள்' பகுதிக்குப் போய் 2010-இன் பழைய சட்டையையே இன்றைக்கும் மாட்டிக்கொள்ளலாம். புது வாசல் வைத்தாலும் பழைய வாசலை அடைக்காமல் விட்டார்களே, அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கணக்கு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். படித்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். நம் சொல்தா அண்ணனும் அவர் மருமகளும் அந்தக் கூட்டம். அவர்கள் ஆலமரத்தடிக்கு வரப்போவதில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக யாராவது போய் உட்கார வேண்டும். நான் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். கணக்கு இல்லாத வாசகருக்கும் இரண்டு மூன்று மொழியின் பெயராவது பட்டனுக்கு வெளியே தெரியட்டும் என்று கேட்டு எழுதப் போகிறேன். பிரெஞ்சுப் பக்கத்து பிஸ்த்ரோவிலும் இதையே பிரெஞ்சில் எழுதுவேன். அங்கேதான் அண்ணன் வழி தவறினார்.

அதுவரை உங்களுக்கு இரண்டு குறிப்பு. கட்டுரைத் தலைப்பின் வலக்கோடியில் எண்ணோடு மொழிகள் என்று இருக்கும். அதைத் தட்டுங்கள், தமிழ் உள்ளே இருக்கிறது. எழுத்து சிறிதாக இருந்தால், பக்கத்தின் வலது ஓரத்தில் தோற்றத்துக்கான பட்டியலைப் பாருங்கள். அது மூடியிருந்தால் மேலே சின்ன மூக்குக்கண்ணாடிப் படமாக இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், வரியை அகலமாக்கலாம், இரவில் படிக்கக் கறுப்புப் பின்னணியும் வைத்துக்கொள்ளலாம்.

ஆலமரத்தடிக்கு உங்களில் யாராவது துணைக்கு வந்தால் நல்லது. ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள், நாலு பேர் சொன்னால் கோரிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள்.