பலாச்சக்கையும் வெற்றிலை உருண்டையும்

கடலூரிலிருந்து வடலூர் போகும் பேருந்தில் வந்து குள்ளஞ்சாவடியில் இறங்கினால், சித்திரை, வைகாசியில் முதலில் வருவது பலாப்பழ வாசனைதான். செம்மண், முந்திரித் தோப்பு, வரப்போரம் பலா மரம். மேற்கே நெய்வேலிச் சுரங்கம். நான் போனது முந்திரியில் தேயிலைக் கொசுத் தாக்குதலைப் பார்க்க. ஆனால் வேளாண் அலுவலர் வந்திருக்கிறார் என்றால் நம் ஊரில் பயிரோடு மாட்டையும் காட்டிவிடுவார்கள்.

தோப்பை ஒட்டிய வீட்டில் ஓர் ஆயா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். "நேத்துலருந்து மாடு சரியா தின்னல தம்பி, அசையும் போடல. புது வைக்கோல் போட்டதுதான் ஆகலபோல" என்றார். மாட்டின் இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துப் பார்த்தேன். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளே புரள்வது கைக்குத் தெரியும். இதற்கு மந்தமாக இருந்தது. ஆனால் நின்று போகவில்லை. சாதாரணச் செரியாமைதான்.

ஆயா அரைத்தது, தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லிவந்த முறைக்கு ரொம்பப் பக்கம். தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்புகிறது. மிளகு 10, சீரகம் 10 கிராம் இரண்டையும் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு வெங்காயம் 100 கிராம், இஞ்சி 100 கிராம், பூண்டு 10 பல், காய்ந்த மிளகாய் 2, வெற்றிலை 10, மஞ்சள்தூள் 10 கிராம், வெல்லம் 100 கிராம் சேர்த்து விழுதாக அரைத்து உருண்டை பிடிக்க வேண்டும். கல் உப்பில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, மூன்று நாள் கொடுக்கலாம். கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றுவது வேண்டாம். நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

"பலாச்சக்கை தின்ன மாட்டுக்கும் இதைத்தான் குடுப்பீங்களா ஆயா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் இதான்" என்றார். அங்கேதான் எனக்குத் திக்கென்றது.

பல வருடம் முன்பு, மாட்டுப்பொங்கல் அன்று எங்கள் வீட்டுக் கறவை மாடு ஓர் அண்டா பொங்கலில் பாதியைத் தின்றுவிட்டது. அம்மா இதே உருண்டையைக் கொடுத்தார். "காலையில பாத்துக்கலாம்மா" என்று சொன்னவன் விவசாயப் பட்டம் வாங்கிய நான். காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. கண் குழி விழுந்திருந்தது, கழிச்சலில் புளித்த நாற்றம். டாக்டர் வந்தும் பயனில்லை.

சோறு, கஞ்சி, மாவு, பலாச்சக்கை எல்லாவற்றிலும் மாவுச்சத்தோ சர்க்கரையோ அதிகம். பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகத் தின்றால் முதல் வயிற்றில் அமிலம் பெருகி, அது ரத்தத்திலும் கலந்துவிடும். வெல்லம் சேர்த்த உருண்டை அதற்கு மருந்தல்ல. தள்ளாடுவது, வயிற்றைத் தட்டினால் தண்ணீர் தளும்புவது, புளித்த கழிச்சல், இதில் எதைக் கண்டாலும் நேரம் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்; நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. அவர் வரும்வரை தீவனத்தை அப்புறப்படுத்துங்கள். சமையல் சோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையும் அவரையே கேளுங்கள். இடது வயிறு பறை மாதிரி உப்பி, மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது.

சக்கையே கூடாது என்று சொல்லவில்லை. பண்ருட்டிப் பக்கம் அதை வீணாக்குவார்களா என்ன! வைக்கோல் தின்று வயிறு நிறைந்த பிறகு, சின்னதாக நறுக்கி, முதல் நாள் ஒரு பிடி என்று பழக்குங்கள். முழுத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், வாசலில் இருந்த சக்கைக் கூடையைத் தூக்கித் திண்ணை மேல் வைத்தார். மாடு கயிற்றை இழுத்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.