சீகிரியாச் சுவரில் பெண்கள் கவி

மாணவியரோடு சீகிரியாவுக்குப் புறப்பட்ட வேளையில், "பெண் பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு?" என்று ஒரு தந்தையார் எம்மை வினவினார். விடையை அம்மலையே அளித்தது.

மாத்தளை மாவட்டத்துச் சமவெளியில் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கிறது அக்குன்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அதன் உச்சியில் அரண்மனை அமைத்தான். ஓவிய மங்கையரைக் கண்டு படியிறங்கிக் கண்ணாடிச் சுவரை அடைந்தோம். மன்னன் மறைந்தபின் இங்கு வந்தோர், சிங்களத்தில் சிறு கவிகளை அதிற் கீறிச் சென்றனர். 8 முதல் 10 ஆம் நூற்றாண்டு வரையான 685 கவிகளை அறிஞர் செனரத் பரணவிதான 1956 இல் பதிப்பித்தார்.

அவற்றுட் சில பெண்கள் பாடியவை! ஆடவர் பலர் ஓவிய அழகில் மயங்கிப் பாட, தேவா என்னும் மாதோ, முத்துச்சரம் ஏந்திய ஓவியப்பெண் தன்னோடு போட்டியிடுவதாகச் சினந்து பாடினாள். ஊர்தி வசதியில்லாக் காலத்தில் இவ்வளவு தூரம் வந்தவள், கண்டதோடு அமையவில்லை. தன் கருத்தையும் தன் பெயரையும் பதித்துச் சென்றாள்.

எம் மாணவியரும் எழுதினர், சுவரிலன்று, குறிப்பேட்டில். மகளின் குறிப்பேட்டை அத்தந்தையார் இருமுறை படித்தார். அடுத்த பயணத்திற்கு இளைய மகளையும் அனுப்புவதாகச் சொன்னார்.